கண்டிக்கோட்டையும் பழவேற்காடும்

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டில் (கி.பி. 630) தபூக்கை நோக்கிப் படையுடன் சென்ற பெருமானார் (ஸல்) அவர்கள், வழியில் ஹிஜ்ர் என்னும் பாலைநிலப் பள்ளத்தாக்கைக் கடந்தார்கள். மலையைக் குடைந்து மாளிகை சமைத்து வாழ்ந்து, செருக்கினால் அழிந்த ஸமூது கூட்டத்தாரின் இருப்பிடம் அது. அவ்விடத்தை வேடிக்கை பார்த்தபடி கடக்கலாகாது, கண்ணீரோடு கடத்தல் வேண்டும் என்று அண்ணலார் தம் தோழர்களைப் பணித்ததாக ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அங்குள்ள கிணற்று நீரில் பிசைந்த மாவைக்கூட ஒட்டகங்களுக்குப் போட்டுவிடச் சொன்னார்கள். பாழடைந்த ஊர்களைச் சென்று பாருங்கள் என்று திருமறை பல இடங்களில் நம்மை ஏவுகிறது. எப்படிப் பார்ப்பது என்பதை ஹிஜ்ரில் பெருமானார் நடந்து காட்டினார்கள். 2008ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, பண்பாட்டு நிறுவனம் அவ்விடத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. சவூதி அரேபியாவில் அந்த மதிப்பைப் பெற்ற முதல் இடம் அதுவே. இப்பொழுது அங்கே உல்லாசப் பயணிகள் வந்து குவிகின்றார்கள்.

ஹிஜ்ரை இப்பொழுது நினைவுகூரக் காரணம் என் சகோதரி மகன் காட்டிய ஒரு நிழற்படம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பிள்ளை அவன். மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் வரவும், உடன் வேலை செய்யும் நான்கைந்து வாலிபர்களோடு மோட்டார் சைக்கிளில் தடா, காளஹஸ்தி, ரேணிகுண்டா, கடப்பை என்று முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போய், கண்டிக்கோட்டைப் பள்ளத்தாக்கின் விளிம்பில் கூடாரமடித்துத் தங்கிவிட்டு வந்தான். பாறைகளில் ஏறி இறங்கினார்களாம். விடியற்காலையில் ஆற்றின்மேல் சூரியன் எழுவதைக் கண்டார்களாம். பள்ளத்தாக்கைக் காணக் கட்டணமும் இல்லை என்று மகிழ்ச்சியோடு சொன்னான். பிறகு கைபேசியைத் திறந்து ஒரு பள்ளிவாசலின் படத்தைக் காட்டினான். செந்நிறக் கல் வளைவுகள், இரண்டு சிறிய மினாராக்கள், அப்பால் ஒரு கோவில் கோபுரம்.

"மாமு, அந்தப் பாலையில் இவ்வளவு பெரிய பள்ளியைக் கட்டியது யார்? நம்மவர்கள்தானே! ஊரில் எல்லாரிடமும் காட்டினேன்" என்றான்.

ஊர் என்று அவன் சொன்னது பழவேற்காட்டை. அந்தப் பெருமிதத்தை உடனே கலைக்க எனக்கு மனம் வரவில்லை. எனினும், அந்தப் பள்ளியைக் கட்டியவரையும் அவனுடைய பழவேற்காட்டையும் ஒருங்கே பிணைக்கும் வரலாறு ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விடுவதும் முறையன்று.

முதலில் இடத்தைப் பற்றி. கருநாடகத்தில் நந்திமலைப் பகுதியில் பிறந்து நெல்லூருக்குக் கீழே கடலோடு கலக்கும் வடபெண்ணை, கடப்பை மாவட்டத்தில் ஜம்மலமடுகுக்கு மேற்கே எர்ரமலைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு பாய்கிறது. அந்த அறுப்பு ஏறத்தாழ 300 அடி ஆழம். இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர். பாறையோ சதுரம் சதுரமாக வெட்டி யாரோ அடுக்கி வைத்தாற்போல் இருக்கும். தெலுங்கில் 'கண்டி' என்றால் மலையிடைப் பிளவு. பிளவின் கரையில் நிற்பதால் கண்டிக்கோட்டை. 'இந்தியாவின் கிராண்ட் கான்யன்' என்று விளம்பரம் செய்கிறார்கள். அமெரிக்காவிலுள்ள அந்தப் பள்ளத்தாக்கு ஏறக்குறைய 446 கிலோமீட்டர் நீளமும் ஒரு மைல் ஆழமும் கொண்டது. கண்டிக்கோட்டையை அதனோடு ஒப்பிடுவது, வீட்டுக் கிணற்றைச் சமுத்திரத்தோடு ஒப்பிடுவதாகும். ஆயினும் கிணற்றுக்கும் அதற்குரிய அழகு உண்டல்லவா! மழை மறைவுப் பகுதியான இராயலசீமையின் வறண்ட முட்புதர் நிலத்தில் வெகு தூரம் சென்றபின், எதிர்பாராத ஓரிடத்தில் தரை சட்டென்று பிளந்து, அடியில் பச்சை நீர் தெரிவது காணத்தக்க காட்சியே. இப்பொழுது ஆற்றின் மேற்புறம் கண்டிக்கோட்டை நீர்த்தேக்கமும் கீழ்ப்புறம் மைலவரம் அணையும் இருப்பதால் நீரின் மட்டம் அணைகளின் கணக்கைப் பொறுத்தது.

இப்பாறையைக் கருங்கல் என்றே பலரும் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. பழங்கடலின் கரையில் படிந்த மணல் இறுகிக் கெட்டித்த படிகமணற்கல் அது. கடப்பைப் படுகை என்று நிலவியலார் அழைக்கும் மிகப் பழைய பாறைத் தொகுதியைச் சேர்ந்தது. கோடி வருடக் கணக்கில் சொன்னால் நூற்றைம்பது கோடிக்கும் மேல். இந்தக் கடப்பைப் பாறைகளை விரிவாக ஆராய்ந்து 1872இல் நூல் வெளியிட்டவர் வில்லியம் கிங் என்னும் ஆங்கிலேய நிலவியலார். அவரே 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட்டோடு சேர்ந்து, நமது திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டிக்கு அருகேயுள்ள அத்திரம்பாக்கத்தில் ஆதிமனிதனின் கற்கோடரிகளைக் கண்டெடுத்தவர். அவற்றுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011இல் வெளியான ஆய்வு நிறுவிற்று. அக்கோடரிகள் செய்யப்பட்ட கல்லும் இந்தப் படிகமணற்கல்லே. நகரி மலைகளும் கண்டிக்கோட்டையும் ஒரே பாறைக் குடும்பத்தின் கிளைகள். அங்கிருந்து உருண்டு வந்த கூழாங்கற்களே அத்திரம்பாக்கத்து மனிதனுக்குக் கருவியாயின. கண்டிக்கோட்டைவரை செல்ல வசதியில்லாதவர்கள் பூண்டியிலிருந்து அல்லிக்குழி மலைக்கு நடந்து, குடியம் பாறைக்குகைகளைப் பார்த்துவிட்டு வரலாம். அதற்கும் சில மணி நேர நடைதான் செலவு. நம் மாவட்டத்தார் பலர் அதைக் கேள்விப்பட்டதுகூட இல்லை.

இனிக் கோட்டையின் கதைக்கு வருவோம். ஒருபுறம் ஆற்றின் பிளவே அகழியாக அமைந்துவிட்டதால், மறுபுறங்களில் மதில் எழுப்பினால் போதும். விசயநகரப் பேரரசின்கீழ் பெம்மசானி குலத்து நாயக்கர்கள் இதை ஆண்டார்கள். மாதவராயர் கோவிலும் ரங்கநாதர் கோவிலும் அக்காலத்தவை. 1565இல் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் சிதைந்த பின்னரும், பெனுகொண்டை, சந்திரகிரி, வேலூர் என்று தலைநகரை மாற்றி மாற்றித் தேய்ந்துகொண்டிருந்த ராயர்களுக்குக் கண்டிக்கோட்டை ஒரு காவலாகவே நின்றது. அதை உடைத்தவர் மீர் ஜும்லா.

முகம்மது சயீது என்பது அவருடைய இயற்பெயர். ஈரானில் இஸ்பஹானுக்கு அருகிலுள்ள அர்திஸ்தான் ஊர். தந்தையார் எண்ணெய் வணிகர். 1630ஆம் ஆண்டை ஒட்டி ஒரு வணிகரின் ஊழியராகக் கோல்கொண்டாவுக்கு வந்தவர், வைரச் சுரங்கங்களைக் குத்தகைக்கு எடுத்து, கப்பல்கள் வாங்கி, மசூலிப்பட்டினத்து அதிகாரியாகி, கடைசியில் அப்துல்லா குத்பு ஷாவின் முதன்மை அமைச்சரானார். மீர் ஜும்லா என்பது அப்பதவியின் பெயர். சொந்தச் செலவில் பீரங்கிப்படையும் குதிரைப்படையும் வைத்துக்கொண்டு, 1642 முதல் ராயரின் கருநாடக நாட்டுக்குள் இறங்கினார். அப்பொழுது சந்திரகிரி, வேலூர் பக்கத்தில் மூன்றாம் ஸ்ரீரங்கராயர் ஆட்சி. கோல்கொண்டா வடக்கிலிருந்தும் பீஜப்பூர் மேற்கிலிருந்தும் நெருக்க, மதுரைத் திருமலை நாயக்கரோ தம் பேரரசருக்குத் துணைநிற்பதைவிடச் சுல்தான்களோடு கூட்டுச் சேர்வதையே மேலெனக் கருதினார். இதை நம்மவர் சிலர் இஸ்லாமின் வெற்றியாகவும், பிறமதத்தார் சிலர் இந்து சமயத்தின்மேல் நிகழ்ந்த தாக்குதலாகவும் எழுதுகிறார்கள். திருமலை நாயக்கர் எந்தப் பக்கம் நின்றார் என்பதை இரு சாராரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். மீர் ஜும்லாவின் சேனாபதிகளில் துப்பாக்கி கிருஷ்ணப்ப நாயக்கரும் ஒருவர் என்பதையும் சேர்த்து மறந்துவிடுகிறார்கள்.

1646-47க்குள் பழவேற்காட்டையும் சாந்தோமையும் சூழ்ந்த நிலமெல்லாம் கோல்கொண்டாவின் ஆட்சிக்குள் வந்துவிட்டது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613 முதல் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுவே தலைமையிடம். வெடிமருந்து ஆலையும் அங்கே இருந்தது. சென்னையில் ஆங்கிலேயரின் கோட்டை எழும்பிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 1645இல் ஸ்ரீரங்கராயர் அவர்களுக்கு அளித்த உரிமைகளை 1647இல் மீர் ஜும்லா உறுதிசெய்து கொடுத்தார். ஐரோப்பியருக்கு ஆட்சி மாற்றம் ஒரு காகிதத்தோடு முடிந்தது. ஊர்மக்களுக்கு அவ்வாறு முடியவில்லை.

1646இல் பருவமழை பொய்த்தது. மழை பொய்த்த வருடங்கள் அதற்கு முன்பும் உண்டு. ஆனால் அந்த வருடம் வயல்களில் இரண்டு மூன்று படைகள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தன. விளைந்ததைக் குதிரைகள் தின்றன; மிஞ்சியதைப் படைக்குக் கொண்டுபோனார்கள். உழவர்களும் நெசவாளரும் ஊரைவிட்டு ஓடினார்கள். 1647இல் சென்னை, பழவேற்காடு, சாந்தோம் மூன்றிலும் மக்கள் ஆயிரக்கணக்கில் மடிந்ததை ஆங்கிலக் கம்பெனியின் கடிதங்கள் தெரிவிக்கின்றன. சோற்றுக்காகத் தம்மைத்தாமே அடிமைகளாக விற்றுக்கொண்டவர்கள் பலர். அவர்களை வாங்கிக் கப்பலேற்றுவதில் டச்சுக்காரர்கள் முன்னின்றார்கள். 1621 முதல் 1665 வரை வங்கக் கடற்கரைகளிலிருந்து டச்சுக் கப்பல்கள் 131 நடைகளில் 38,000 பேருக்குமேல் அடிமைகளாக ஏற்றிச்சென்றதாக, கப்பல் பதிவுகளைக் கூட்டிப்பார்த்த ஆய்வாளர் ஒருவர் கணக்கிட்டிருக்கிறார். பஞ்ச வருடங்களில் அவ்வியாபாரம் பெருகுவது வழக்கம். பத்தேவியாவில் இறக்கப்பட்ட அந்த மனிதர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. அவர்களில் எத்தனை பேர் ஐந்து வேளை தொழுதவர்கள் என்பதையும் டச்சுக்காரன் எழுதிவைக்கவில்லை. சரக்குப் பட்டியலில் தலைக்கணக்கு மட்டுமே உண்டு.

பழவேற்காட்டு முஸ்லிம்கள் அக்காலத்தில் யார்? அரபு நாட்டிலிருந்து மரக்கலமேறி வந்தவர்களின் வழியினர் என்று அவர்களிடையே ஒரு செவிவழி மரபு உண்டு. கடல் வணிகர்களான மரக்காயர்களும், துணி வணிகத்தைச் சார்ந்து வாழ்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். பழவேற்காட்டுக் கட்டம்போட்ட துணி மலாய்த் தீவுகளின் சந்தைகளில் பெயர் பெற்றது; ஐரோப்பியர் கைக்குட்டைக்கு ஊரின் பெயரையே சூட்டினார்கள். மீர் ஜும்லா இந்தத் துணி வணிகத்தில் கைவைத்தார். தாம் வென்ற நாட்டில் துணியையும் தானியத்தையும் தம் ஆட்கள் வழியாகவே விற்க வேண்டும் என்று ஏகபோகம் ஏற்படுத்தினார். அவர் வைத்த விலைக்கே ஐரோப்பியர் வாங்க நேர்ந்தது. அவர் கொடுத்த கூலிக்கே நெய்ய நேர்ந்தது. அரசரும் அவரே, வணிகரும் அவரே என்றால் தறிக்காரன் யாரிடம் முறையிடுவான்? கிப்லா ஒன்றாக இருந்தது என்பதற்காக அவர் பழவேற்காட்டாருக்கு எந்தச் சலுகையும் காட்டியதாகத் தெரியவில்லை.

இந்தச் செல்வத்தைக் கொண்டே கண்டிக்கோட்டையை அவர் வளைத்தார். கோட்டை வீழ்ந்தது 1650இல் (ஹிஜ்ரி 1060) என்பர் மீர் ஜும்லாவின் வரலாற்றை ஆய்ந்தோர். ஆனால் 1652 செப்டம்பர் தொடக்கத்தில் அங்கே சென்ற பிரெஞ்சு வைர வணிகர் தவேர்னியே, தாம் போவதற்கு எட்டு நாள் முன்புதான் மூன்று மாத முற்றுகைக்குப்பின் அது பிடிபட்டதாக எழுதுகிறார். பயணிகள் கேட்டதைக் கேட்டபடி எழுதுவார்கள். காலக்கணக்கில் அவர்களை முழுக்க நம்புவதற்கில்லை. கண்ணால் கண்டதைச் சொல்லும்போது தவேர்னியே நம்பத்தக்கவர். உள்ளூர்க் கைபீது இன்னொரு கதை சொல்கிறது: கடைசி நாயக்கரான சின்னதிம்மர் சமாதானம் பேசி அழைக்கப்பட்டு, நஞ்சூட்டப்பட்டார், அமைச்சர் ஒருவரே அதற்கு உடந்தை, இளம் மகன் மட்டும் தப்புவிக்கப்பட்டான். அக்குலத்தின் கிளையினர் தெற்கே வந்து, திருநெல்வேலிச் சீமையில் குருவிகுளம் சமீன்தார்களாக வாழ்ந்தது யாவரும் அறிந்தது.

தவேர்னியே சென்ற வழியைக் கவனிக்க வேண்டும். மசூலிப்பட்டினத்திலிருந்து கரையோரமாகப் பழவேற்காடு வந்து, சென்னையையும் சாந்தோமையும் பார்த்துவிட்டு, அங்கிருந்து மேற்கே திரும்பிக் கண்டிக்கோட்டையை அடைந்தார். என் மருமகன் மோட்டார் சைக்கிளில் போன திசைதான். 370 வருடம் முந்தியது, அவ்வளவே. பழவேற்காட்டில் அவர் கண்டு வியந்தது டச்சுக் கோட்டையை மட்டுமன்று. கடல் பின்வாங்கும் நேரம் பார்த்து, மக்கள் கரை மணலில் குழி தோண்டி நல்ல தண்ணீர் எடுத்ததையும் அவர் குறித்து வைத்தார். கண்டிக்கோட்டையில் அவர் கண்டது: மலையை வெட்டி அமைத்த ஒரே பாதை; சில இடங்களில் ஏழெட்டு அடிதான் அகலம்; வலப்புறம் கீழே பார்த்தால் தலைசுற்றும் பாதாளம், அதன் அடியில் ஆறு. உச்சியில் சிறு சமவெளி; ஊற்று நீரில் நெல்லும் தினையும் விளைந்துகொண்டிருந்தன. அப்படிப்பட்ட இடத்துக்குப் பீரங்கிகளை ஏற்றியதுதான் வெற்றிக்குக் காரணம். ஏற்றியவர்களுக்கு நான்கு மாதச் சம்பளம் கூடுதலாகத் தருவதாக மீர் ஜும்லா ஆசை காட்டியிருந்தாராம். அவரிடம் வேலைபார்த்த பீரங்கி வீரர்களில் ஐரோப்பியரும் இருந்தனர்.

மீர் ஜும்லாவின் தர்பாரை அவர் வரைந்துள்ள விதம் சுவையானது. நவாபு கூடாரத்தில் தரையில் சம்மணமிட்டு அமர்ந்திருக்கிறார். கால்விரல் இடுக்குகளிலும் இடக்கை விரல் இடுக்குகளிலும் கடிதங்கள் செருகப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றாக உருவி, எழுத்தர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போகிறார். சிலவற்றைத் தாமே எழுதுகிறார். இடையில் குற்றவாளிகளைக் கொண்டுவருகிறார்கள். இரண்டு வார்த்தை விசாரணை, உடனே தண்டனை. கொலை செய்தவனுக்குக் கைகால் வெட்டு. வழிப்பறிக்காரனுக்கு அதைவிடக் கொடுமை. பிறகு மறுபடியும் கடிதம். உணவு வந்ததும் விருந்தினரோடு அமர்ந்து உண்கிறார். திறமையைப் பற்றி ஐயமில்லை. அப்படிப்பட்ட நிர்வாகிகள் அக்காலத்து இந்தியாவில் சிலரே. மனம் நடுங்குவதும் அதே இடத்தில்தான்.

பீரங்கி வார்த்த கதையை மறைத்துவிட்டால் இந்தக் கட்டுரையை எழுதாமலே இருந்திருக்கலாம். போர் தொடர்வதால் புதிய பீரங்கிகள் வேண்டும். செம்புக்கு எங்கே போவது? சுற்றுவட்டாரக் கோவில்களின் செப்புத் திருமேனிகளைக் கொண்டுவரச் சொன்னார் மீர் ஜும்லா. டச்சுக்காரரோடு இந்நாட்டுக்கு வந்து இவரிடம் சேர்ந்திருந்த மாய்யே என்னும் பிரெஞ்சுக்காரரிடம், பெரிதும் சிறிதுமாக இருபது பீரங்கிகள் வார்க்கும் வேலையை ஒப்படைத்தார். மற்றவை உருகின, கண்டிக்கோட்டைக் கோவிலின் ஆறு திருமேனிகள் மட்டும் எவ்வளவு மூட்டியும் உருகவில்லை. பூசாரிகள் மந்திரம் போட்டுவிட்டார்கள் என்று நவாபு அவர்களை மிரட்டினாராம். கடைசியில் ஒரு பீரங்கிகூட உருப்படியாக வரவில்லை. ஒன்று வெடித்தது, ஒன்று பாதியில் நின்றது. மாய்யே வேலையை விட்டுப் போனார். உருகாமைக்குக் காரணம் உலையின் வெப்பக் குறைவோ, உலோகக் கலவையோ, நாம் அறியோம். அது இங்கே பெரிதன்று.

அதை எந்த அளவுகோலால் அளப்பது? பிறமதத்தாரின் அளவுகோலை நாம் கடன்வாங்க வேண்டியதில்லை, நம்முடையதே போதும். ஷாம் நாட்டுக்குப் படையை அனுப்பியபோது, மடங்களில் வழிபாட்டில் இருப்போரைத் தொடாதீர்கள், கனிதரும் மரத்தை வெட்டாதீர்கள் என்று முதல் கலீபா அபூபக்கர் (ரலி) அவர்கள் கட்டளையிட்டார்கள். பைத்துல் முகத்தஸ் வசமானபோது, கிறிஸ்தவப் பெரிய கோவிலுக்குள் தொழ அழைக்கப்பட்டும், பின்னால் முஸ்லிம்கள் அதை உரிமை கொண்டாடிவிடக்கூடாதே என்று வெளியே வந்து தொழுதார்கள் உமர் (ரலி) அவர்கள். இவ்விரண்டையும் நம் மதரஸாக்களில் சிறுபிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தப் பாடத்தைக் கற்ற பிள்ளை கண்டிக்கோட்டைக்குப் போய் மீர் ஜும்லாவை நம்மவர் என்று கொண்டாடினால், இரண்டில் ஒன்றை அவன் மறந்துவிட்டான் என்றே பொருள். அவர் முஸ்லிம்தான், தொழுதவர்தான், பள்ளி கட்டியவர்தான். அவருடைய போரை மார்க்கத்தின் கணக்கில் எழுத மட்டும் நமக்கு உரிமை இல்லை. அவரே அப்படி எழுதவில்லை. ஈட்டிய நிலத்தைத் தம் சொந்தச் சொத்தாக எண்ணினாரேயன்றி, குத்பு ஷாவின் சொத்தாகக்கூட எண்ணவில்லை.

அதனால்தான் அடுத்த திருப்பம் நேர்ந்தது. 1655இல் அவர் மகன் முகம்மது அமீனைக் கோல்கொண்டா சுல்தான் சிறைப்பிடித்தார். அதைச் சாக்காகக்கொண்டு 1656இல் இளவரசர் ஔரங்கசீபு கோல்கொண்டாவின்மேல் படையெடுக்க, தன்னை உயர்த்திய எசமானனைக் கைவிட்டு மீர் ஜும்லா மொகலாயர் பக்கம் சேர்ந்தார். ஷாஜகானுக்குப் பெரியதொரு வைரத்தைக் காணிக்கை வைத்தார். ஒரு முஸ்லிம் அரசை விழுங்க இன்னொரு முஸ்லிம் அரசுக்கு அவர் வழிகாட்டினார் என்பதையும் நம் மேடைப் பேச்சாளர்கள் நினைவிற் கொள்வது நலம். 1657-58இல் அவருடைய ஆட்கள் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டதும், பிறகு அவர் வங்காளத்துச் சுபேதாரானதும், அஸ்ஸாம் படையெடுப்பில் நோயுற்று 1663 மார்ச்சு இறுதியில் டாக்காவுக்குத் திரும்பும் வழியில் இறந்ததும் வேறொரு கதை. கண்டிக்கோட்டைக்கு அவர் திரும்பவே இல்லை. கோட்டை மொகலாயரிடமும், பின் கடப்பை நவாபுகளிடமும், ஹைதர் அலி, திப்பு சுல்தானிடமும் இருந்து, 1791இல் கேப்டன் லிட்டில் என்பவரால் ஆங்கிலேயர் பக்கம் பிடிபட்டது. 1800இல் இராயலசீமையின் பெரும்பகுதி கம்பெனிக்குப் போயிற்று.

பள்ளிவாசலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாதவராயர் கோவிலையே பள்ளியாக மாற்றிவிட்டார் என்று சில நூல்களில் காணப்படுகிறது. கோட்டைக்குள் போய்ப் பார்த்தால், கோபுரத்தோடு கோவில் ஒரு பக்கம் நிற்கிறது, வளைவு முற்றத்தோடு பள்ளி வேறொரு பக்கம் நிற்கிறது. கோவில் வெறுமையானது உண்மை. அதுவே பள்ளியாயிற்று என்பது கல்லோடு பொருந்தவில்லை. பள்ளியின் அருகே கத்துல கோனேரு என்னும் குளம்; போர் முடிந்து வாள்களை அதில் கழுவியதால் நீர் சிவந்தது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். செம்மண் கரைந்த நீருக்கு அவ்வளவு பெரிய கதை தேவையில்லை. இன்னொரு பக்கம் கல்லாலான மாபெரும் தானியக் களஞ்சியம் நிற்கிறது. கூரை விழாமல், சுவர் பிளவாமல், இன்றும் திடமாக நிற்கிறது. நான் அந்தக் களஞ்சியத்தின்முன்தான் அதிக நேரம் நின்றேன். பழவேற்காட்டில் சோற்றுக்காகத் தன்னையே விற்ற காலமும், அரசர்கள் இத்தகைய களஞ்சியங்களைக் கட்டி நிரப்பிய காலமும் ஒன்றே அல்லவா!

இதையெல்லாம் மருமகனிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை; சாப்பாட்டுக்குப் பிறகு சிறிது சிறிதாகச் சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "அப்படியானால் மாமு, நாங்கள் அங்கே அஸர் தொழுதது தப்பா?" என்று கேட்டான். தொழுததில் என்ன தப்பு? பூமி முழுவதும் தொழுமிடமாகவே இந்த உம்மத்துக்கு ஆக்கப்பட்டிருக்கிறது. அந்த முற்றமும் பூமிதான். தொழுதுவிட்டு எழுந்து எதிரே உள்ள கோபுரத்தைப் பார்க்கும்போது என்ன நினைத்தாய் என்றுதான் கேட்டேன். ஒன்றும் நினைக்கவில்லை, படம் எடுத்தேன் என்றான். வயது அப்படி.

போக விரும்பும் குடும்பத்தார்க்குச் சில செய்திகள். திருவள்ளூர், அரக்கோணம், ரேணிகுண்டா, கடப்பை என்று செல்லும் பம்பாய்ப் பாதையிலேயே முத்தனூர் நிலையம் இருக்கிறது. அங்கிருந்தோ ஜம்மலமடுகிலிருந்தோ மோட்டாரில் போகலாம். ஜம்மலமடுகிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். ஏப்ரல், மே மாதங்களில் கடப்பை வெயில் தாங்காது. ஐப்பசி முதல் மாசி வரை நல்லது. குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டுபோக வேண்டும். பள்ளத்தாக்கின் விளிம்பில் பல இடங்களில் தடுப்பு எதுவுமில்லை. பாறை அடுக்குகள் தளர்ந்திருக்கும். பிள்ளைகளின் கையை விடக்கூடாது. கூடாரமடித்துத் தங்குவோர் விளிம்பைவிட்டு நன்கு தள்ளியே தங்கவேண்டும், இரவுக்காற்று பலமாக இருக்கும். அரசுச் சுற்றுலா விடுதியும் உண்டு. தீமூட்டுகிறவர்கள் காலையில் கரியையும் காகிதத் தட்டுகளையும் அப்படியே விட்டுவிட்டு வருவதாக அறிகிறேன், அது வெட்கக்கேடு. திரும்பும் வழியில் கடப்பையில் அமீன் பீர் தர்காவையும் பலர் பார்த்து வருகிறார்கள்.

அடுத்த மார்கழியில் என் சகோதரியையும் அழைத்துக்கொண்டு மீண்டும் போனான். அவள் விளிம்பின் பக்கமே போகவில்லையாம். பள்ளியின் முற்றத்தில் உட்கார்ந்து தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்தவள், களஞ்சியத்தைக் காட்டியதும் உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்து, "இது நிறைய நெல் இருந்ததா, வெறுமனே இருந்ததா?" என்று கேட்டாளாம். அவனுக்குப் பதில் தெரியவில்லை. என்னிடம் கேட்டு எழுதியிருக்கிறான்.